ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானுக்கு ஆங்கில ஆசிரியராக வருகிறவர்கள் வகுப்பை எப்படிச் சமாளிப்பது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அதற்கு முன்னால் தாண்ட வேண்டியது காகித வேலை. முகவரி பதியாமல் வங்கிக் கணக்கு கிடையாது. போன் நம்பர் இல்லாமல் வங்கிப் படிவம் நகராது. வங்கிக் கணக்கு இல்லாமல் பல கம்பெனிகள் போன் தராது. எதை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் முதல் மாதம் தானாக ஓடிவிடும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது. நான் இருப்பது பனி கொட்டும் நீகாத்தா மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். டோக்கியோவில் இருக்கப்போகிறவர்களுக்குப் பனி, கார் பற்றிய பகுதிகள் தேவைப்படாது.

முதலில், எந்த வேலை?

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டம். அதில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏ.எல்.டி., அதாவது ஜப்பானிய ஆசிரியருடன் வகுப்பில் நிற்கும் துணை ஆசிரியர். ஓராண்டு ஒப்பந்தம், 5 ஆண்டு வரை புதுப்பிக்கலாம். விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு. சம்பளமும் மற்ற இரண்டு வழிகளைவிட நல்லது. ஆனால் எந்த ஊருக்குப் போவது என்பது உங்கள் கையில் இல்லை. விருப்பத்தை எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, டிஸ்பாட்ச் கம்பெனிகள். ஊர்க் கல்வி வாரியங்களுடன் ஒப்பந்தம் போட்டுப் பள்ளிகளுக்கு ஆள் அனுப்புகிறவை. வேலை அதே ஏ.எல்.டி. வேலைதான். சம்பளம் பெரும்பாலும் மாதம் 2,20,000 முதல் 2,50,000 யென். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். பள்ளி விடுமுறையைக் காட்டி ஆகஸ்ட், டிசம்பர் மாதச் சம்பளத்தைக் குறைக்கிறார்களா? வேலை நேரம் வாரத்துக்கு 29.5 மணி என்று போட்டிருக்கிறார்களா? அந்த அரை மணிக் கணக்கு, ஆட்களை மருத்துவமும் ஓய்வூதியமும் சேர்ந்த சமூகக் காப்பீட்டில் சேர்க்காமல் தப்பிக்க வந்த பழைய தந்திரம். 2024 அக்டோபர் முதல் 51 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறவரையும் சேர்த்தாக வேண்டும். சேர்க்க முடியாது என்று இழுக்கிற பெரிய கம்பெனியை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, எய்காய்வா எனப்படும் தனியார் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள். மதியம் தொடங்கி இரவு 9 மணி வரை வேலை, சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம். பெரிய பெயர் என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். நாட்டிலேயே பெரியதாக இருந்த நோவா 2007-இல் திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் வராமல் நடுத்தெருவில் நின்றார்கள்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பள்ளி வேலைக்கான விசாவுக்கு, தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்கள் 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, மேல்நிலை வேறு பள்ளி என்றால் இரண்டிடமும் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வேலை தேடத் தொடங்கும்போதே இதை வாங்கி வையுங்கள். 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று விளம்பரம் போடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏராளமானோர் இங்கே ஏ.எல்.டி.யாக இருக்கிறார்கள், நாமும் நுழையலாம்.

புறப்படும் முன்

பெயர். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் ஜப்பானின் ஒவ்வொரு படிவத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே கணினியோ ஆளோ, குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்களை நிரப்பாமல் விடமாட்டார்கள். முடிந்தால் பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். பட்டச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி பத்திரம் ஒன்று எடுத்து வையுங்கள். பெயரைக் கத்தகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தில், எப்படி எழுதுவது என்று இப்போதே முடிவு செய்து, கடைசி வரை அதையே எழுதுங்கள். ஓரிடத்தில் நெடில் கோடு, இன்னோரிடத்தில் கோடு இல்லை என்றால் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும்.

வேலை கொடுப்பவர் ஜப்பான் குடிவரவுத் துறையிடம் வாங்கி அனுப்பும் தகுதிச் சான்றிதழ் வந்ததும், அதைக் காட்டி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் ஆயுள் 3 மாதம்தான். அதற்குள் ஜப்பானில் கால் வைத்துவிட வேண்டும்.

மருந்து. மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபிட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் சீட்டுள்ள மருந்து ஒரு மாத அளவுக்குத் தடையில்லை. அதற்கு மேல் கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையை அம்மா பெட்டியில் திணித்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. பொடி வகைகள், புளி, பெருங்காயம் எல்லாம் தாராளமாகக் கொண்டுவரலாம்.

கையில் பணம் குறைந்தது 4,00,000 யென் இருக்கட்டும். காரணத்தை வீட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்

நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் குடியிருப்பு அட்டையை அங்கேயே அச்சடித்துத் தருவார்கள். இனி அது எப்போதும் உங்களுடனே இருக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டு வெளியே போவது சட்டப்படி குற்றம்.

குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அட்டையின் பின்பக்கம் முகவரியை அச்சிட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கே முகவரிச் சான்று ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி சமூகக் காப்பீட்டில் சேர்க்கவில்லை என்றால் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் அதே நாளில் முடித்துவிடலாம். எந்தக் காப்பீடாக இருந்தாலும் மருத்துவச் செலவில் 30 சதவீதம் நம் பங்கு. மை நம்பர் என்னும் 12 இலக்க அடையாள எண் தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டி என்றால் தபால்காரர் சில சமயம் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்புறம் போன். வெளிநாட்டு கிரெடிட் கார்டை ஏற்கும் சிம் கம்பெனிகள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்தே பதிவு செய்துவிடலாம். டேட்டா மட்டும் உள்ள சிம் வேண்டாம், குரல் அழைப்பு எண் இருந்தால்தான் வங்கியில் மதிப்பு. அது கையில் வந்ததும் வங்கிக்குப் போங்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்கு தர முடியாது என்று சில கிளைகளில் சொல்வார்கள். ஆனால் ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் முதல் நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டப்படி உள்நாட்டுக் குடியிருப்பாளர்தான். வேலை ஒப்பந்தத்தையோ ஊழியர் அட்டையையோ காட்டினால் பேச்சு மாறும். தபால் துறை வங்கியில் தொடங்குவது எளிது.

வீடு

கம்பெனியோ கல்வி வாரியமோ வீடு பார்த்துத் தந்தால் முதல் ஆண்டு அதிலேயே இருந்துவிடுங்கள். நீங்களே பிடிப்பதென்றால் முன்பணம், திரும்பி வராத 'ரெய்கின்' என்னும் நன்றிப் பணம், தரகர் கூலி, உத்தரவாதக் கம்பெனிக் கட்டணம், தீக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாத வாடகை ஒரே நாளில் போய்விடும். யு.ஆர். எனப்படும் அரசு சார்ந்த குடியிருப்புகளில் ரெய்கினும் தரகும் கிடையாது, உத்தரவாதமும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், நகரத்தில் இருக்கப்போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

வெறும் வீடு என்றால் நிஜமாகவே வெறும் வீடு. விளக்கு, திரைச்சீலை, கேஸ் அடுப்பு எதுவும் இருக்காது. மின்சாரத்தையும் தண்ணீரையும் போனிலோ இணையத்திலோ திறந்துவிடலாம், கேஸுக்கு மட்டும் ஆள் வருவார், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வந்து சேரும் நாளுக்கே அதைப் பதிவு செய்யாவிட்டால் அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல்தான்.

குப்பையைப் பற்றித் தனியாக எழுதலாம். எரிவது, பிளாஸ்டிக், பெட் பாட்டில், டப்பா, கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். பல ஊர்களில் நகராட்சிப் பையில் போட்டால்தான் எடுப்பார்கள். தொகுஷிமாவில் கமிகாட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் ஊர்க் குப்பை நாட்காட்டியை முதல் நாளே வாங்கிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தைய இரவே வைக்கக் கூடாது. தவறாகப் பிரித்த பை சிவப்பு ஒட்டுச்சீட்டோடு அங்கேயே கிடக்கும். அது யாருடைய பை என்று தெருவுக்கே தெரியும்.

பள்ளியில்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. 2020 முதல் தொடக்கப் பள்ளியில் 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் உள்ள முறையான பாடம். 3, 4-ஆம் வகுப்புகளில் விளையாட்டோடு அறிமுகம் மட்டும். தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பு 45 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 50.

முதல் நாள் பையில் இருக்க வேண்டியவை: பள்ளிக்குள் போட ஒரு ஜோடி தனிச் செருப்பு அல்லது ஷூ, கறுப்பு கோட்டு, ஆசிரியர் அறைக்குப் பலகாரம். பலகாரம் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்க வேண்டும். ஆளுக்கொன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மாணவர்களுக்கு மட்டும் எந்தத் தின்பண்டமும் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை விஷயத்தில் பள்ளிகள் மிகவும் கறாராக இருக்கும். கடலை மிட்டாய் கொண்டுவந்தால் ஆசிரியர் அறைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும்.

உடம்பு சரியில்லை என்றால் காலை 8 மணிக்கு முன்னால் துணைத் தலைமையாசிரியரைக் கூப்பிட வேண்டும். டிஸ்பாட்ச் என்றால் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். பள்ளியின் அன்றாட நிர்வாகம் முழுக்க அந்தத் துணைத் தலைமையாசிரியர் கையில்தான் இருக்கிறது. அவருக்குத் தினமும் காலையில் குரல் கொடுத்து வணக்கம் சொல்லிவிட்டு, மாலையில் 'ஒசாகி நி ஷித்சுரேய் ஷிமாஸ்' (உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னியுங்கள்) என்று சொல்லிக் கிளம்புங்கள். ஜப்பானிய மொழி தெரியாத ஒருவர் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே ஆசிரியர் அறை அவரை ஏற்றுக்கொள்கிறது. பேசாமல் வந்து பேசாமல் போகிறவர் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் விருந்தாளியாகவே இருந்துவிடுவார்.

வகுப்பில் உங்கள் இடம் என்ன என்பது ஜப்பானிய ஆசிரியரைப் பொறுத்தது. டி-ஒன் என்றால் முன்னின்று நடத்துகிறவர், டி-டூ என்றால் துணை. காகிதத்தில் நீங்கள் எப்போதும் டி-டூ. ஆனால் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் என்றாலே பதறும் வகுப்பாசிரியர்கள் முழு வகுப்பையும் உங்களிடம் தள்ளிவிடுவதும் உண்டு. நடுநிலைப் பள்ளியில் இதற்கு நேர் எதிர். பாடத்தை வாசிக்கச் சொல்வார்கள், மாணவர்கள் திருப்பிச் சொல்வார்கள், மணி அடிக்கும். 'மனித டேப் ரெக்கார்டர்' என்று ஏ.எல்.டி.க்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். அலுத்துக்கொள்வதால் பயனில்லை. இடைவேளையில் போய், "அடுத்த வாரம் ஐந்து நிமிடம் எனக்குத் தருகிறீர்களா, ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன்" என்று கேளுங்கள். அந்த ஐந்து நிமிடம் நன்றாகப் போனால் அடுத்த முறை பத்தாகும்.

முதல் வகுப்பு எப்போதும் சுய அறிமுகம். ஊர்ப் படங்கள், ரூபாய் நோட்டு, நாணயம் கொண்டுவாருங்கள். நாணயத்தைக் கையில் கொடுத்தால் எந்தக் குழந்தையும் பேசும். தினமும் 'கர்ரி', அதாவது மசாலாக் குழம்பு, சாப்பிடுவீர்களா என்ற கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டிலிருந்து மாணவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கேள்வி கேட்டுவிட்டு ஒருவரைச் சுட்டிக்காட்டினால் அவர் பின்னால் திரும்பி நண்பனைப் பார்ப்பார். தப்பாகச் சொல்லி எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டுமே என்ற பயம் அது. அதனால் முதலில் பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் பேசவிட்டு அப்புறம் கேளுங்கள். இருவர் சேர்ந்து யோசித்த பதில் என்றால் தயங்காமல் வரும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானியக் குழந்தைகளுக்குப் பிரிக்கவே வராத ரகர லகரம் நமக்குச் சிறுவயதிலிருந்தே தனித்தனி. நாம் கவனிக்க வேண்டியவை வேறு: 'வெஸ்ட்' என்று மேற்கையும் உள்சட்டையையும் ஒரே மாதிரி சொல்வது, 'ஜூ'வும் 'ஷூ'வும் குழம்புவது, எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் ஓட்டுவது. குழந்தைகள் நீங்கள் சொல்வதை அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வார்கள். பாடநூலின் ஒலிப்பதிவை முந்தைய நாள் கேட்டு, அதன் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

கோடை விடுமுறையில் பேச்சுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்யச் சொல்லலாம். எய்கென் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் நேர்முகத்துக்குப் பயிற்சி கேட்டும் வருவார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 35 பேர் நடுவில் ஊமையாக இருந்த பெண், எதிரில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கும்போது பத்து நிமிடம் பேசுவாள்.

சாப்பாடு

பள்ளியில் எல்லோருக்கும் ஒரே மதிய உணவு, கூடவே 200 மில்லி பால். ஆசிரியர்களும் காசு கட்டி அதையே சாப்பிடுவார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடலாம், மலிவு, சத்து. சைவம் என்றால் வேறு கதை. மிசோ சூப்பில் மீன் சாறு, கீரையின் மேல் மீன் சீவல், காய்கறிக் குழம்பில் பன்றித் துண்டு. "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீனும், மீன் சாறும், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து, ஏப்ரல் முதல் வாரத்திலேயே வீட்டுச் சாப்பாடு கொண்டுவர அனுமதி வாங்கிவிடுங்கள். பாதியில் மாற்றினால் மாதக் கணக்கு குழம்புகிறது என்று அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள்.

துவரம் பருப்பு, இட்லி அரிசி, சோனா மசூரி எல்லாம் இணையத்தில் கிடைக்கும். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷி-கசாயியிலும், ஷின்-ஒகுபோவின் ஹலால் கடைகளிலும் நேரில் வாங்கலாம். ஊர்ப்புறத்தில் கியோமு சூப்பர் கடை கைகொடுக்கும். மசாலாவும் உறைந்த காய்களும் அங்கே மலிவு. குளிர்காலத்தில் மாவு புளிக்கவில்லையே என்று புலம்ப வேண்டாம். அடியில் ஹீட்டரும் மேலே போர்வையும் உள்ள கொதாட்சு மேசைக்கடியில் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

பனி, கார், நிலநடுக்கம்

குளிர் மிகுந்த வட தீவான ஹொக்கைதோவின் வீடுகளைத் தவிரப் பழைய வீடுகள் பெரும்பாலும் சூட்டைப் பிடித்து வைக்காது. எங்கள் ஊரில் டிசம்பர் வந்தால் மண்ணெண்ணெய் ஹீட்டரும் 18 லிட்டர் கேனும் இல்லாத வீடு அரிது. ஹீட்டர் எரியும்போது மணிக்கொரு முறை ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

கார் தேவைப்படும் ஊர் என்றால் இந்தியாவிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து வாருங்கள். ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான அனுமதியை மட்டும், இந்தியா அதில் இருக்கிறது. அது இங்கே அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும். அதற்குள் ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டும். உரிமம் எடுத்தபின் மூன்று மாதமாவது அந்த நாட்டில் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத்துத் தேர்வு 2025 அக்டோபரில் கடினமாகிவிட்டது: 50 கேள்விகள், 45 சரியாக வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுகிறவருடன் தெரிந்தே உட்கார்ந்து போனாலும் தண்டனை உண்டு. பள்ளி விருந்துக்குக் காரில் போகாதீர்கள். சைக்கிளுக்கும் இதே கண்டிப்புதான். போனைப் பார்த்தபடி சைக்கிள் ஓட்டினால் 2024 நவம்பர் முதல் சிறை வரை போகலாம்.

நிலநடுக்கத்துக்கு இங்கே ஷிந்தோ என்ற அளவு, 7 உச்சம். போன் அலறினால் மேசைக்கடியில் போங்கள், வகுப்பில் இருந்தால் மாணவர்கள் செய்வதையே செய்யுங்கள், அவர்கள் நம்மைவிடப் பழகியவர்கள். உங்கள் பகுதியின் புகலிடம் எது என்று முன்பே பார்த்து வையுங்கள், பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடமாக இருக்கும். போலீஸ் 110, தீயணைப்பும் ஆம்புலன்சும் 119.

சம்பளச் சீட்டு

2,30,000 யென் சம்பளத்தில் காப்பீடு, ஓய்வூதியம், வருமான வரி போகக் கையில் வருவது சுமார் 1,90,000. பலரைத் தூக்கிவாரிப்போடுவது இரண்டாம் ஆண்டு ஜூன் மாதம். முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துக் குடியிருப்பு வரி அப்போதுதான் தொடங்கும், இதே சம்பளத்துக்கு மாதம் எட்டு, ஒன்பதாயிரம் யென் குறையும். முதல் ஆண்டுச் சம்பளம்தான் நிரந்தரம் என்று நினைத்துக் கார்த் தவணை எடுக்காதீர்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அப்பா கணக்குக்கும் அம்மா கணக்குக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். வெளிநாட்டில் உள்ள பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரிச் சலுகை கேட்கலாம். ஆனால் ஒவ்வொருவர் பெயரிலும் அனுப்பிய ரசீது வேண்டும். 30 முதல் 69 வயதுக்குள் இருப்பவர் என்றால், 2023 முதல், பொதுவாக அவருக்கு மட்டும் ஆண்டுக்கு 3,80,000 யென் அனுப்பியிருக்க வேண்டும். ஒரே கணக்கில் மொத்தமாகப் போட்டால் ஒருவருக்குத்தான் கணக்கில் வரும். நவம்பர் வாக்கில் ஆண்டிறுதி வரிச் சரிக்கட்டல் படிவம் வரும்போது பிறப்புச் சான்றிதழும் ரசீதுகளும் தயாராக இருக்கட்டும்.

திரும்பும்போது

ஒப்பந்தம் புதுப்பிக்கப் போகிறீர்களா என்று ஜெட் திட்டத்தில் குளிர்காலத்திலேயே கேட்டுவிடுவார்கள். இல்லை என்று சொன்னால் வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ், பெரிய குப்பைக்கு முன்பதிவு, கேஸ் நிறுத்தம், நகராட்சியில் வெளியேறும் பதிவு என்று அதே வரிசையைப் பின்னோக்கி நடக்க வேண்டும். கட்டிய ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். ஆறு மாதமாவது கட்டியிருக்க வேண்டும், ஜப்பானை விட்ட இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். அதைத் திரும்பப் பெற ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்துவிட்டுக் கிளம்புங்கள், ஆசிரியர் அறையில் நல்ல நண்பர் இருந்தால் கேட்கலாம். ஆனால் இந்தியர்கள் கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2016 அக்டோபர் முதல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. இரு நாடுகளிலும் கட்டிய காலத்தைச் சேர்த்து ஓய்வூதியத் தகுதிக்குக் கணக்கிடலாம். மொத்தப் பணத்தை வாங்கிவிட்டால் இங்கே உழைத்த அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். ஊருக்குப் போய் பி.எஃப். உள்ள வேலையில் சேரப்போகிறவர் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்பட்டும்.